மருந்துத் துண்டும் மடியிலுள்ள காசும்



சென்ற மாதம் எங்கள் றொசல்லப் பக்கத்து லயமொன்றில் ஓர் அக்காவைச் சந்திக்கப் போனேன். வாசற்படியில் இருந்துகொண்டு இடது காலை நீட்டிக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலில் இப்போது மூன்று விரல்கள்தான் உள்ளன. மற்ற இரண்டும் 2022ஆம் ஆண்டின் இறுதியில் அகற்றப்பட்டன. காதுகளில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு ஈர்க்குக் குச்சிகளைச் செருகியிருந்தார்.

அந்த விரல்களுக்கும் அந்தத் தோட்டுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதில் என்னுடைய பிழையும் ஒன்று உண்டு. இம்மாதம் அதைப் பற்றியே எழுத நினைக்கிறேன். ஏனெனில் இது ஓர் அக்காவின் கணக்கு மட்டுமல்ல. கிளிநொச்சியில், முல்லைத்தீவில், வாகரையில் இருந்து இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் இதே கணக்கு இருக்கும்.

இந்த அக்கா பிறந்தது இங்கேதான். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் இவருடையதும் ஒன்று. காடு வெட்டி, குடிசை போட்டு, கூலி வேலை செய்து அங்கேயே வளர்ந்தார்; மணம் முடித்தார். 2009இல் கணவரை ஷெல் வீச்சில் இழந்தார். இவருடைய இடது தொடையில் ஒரு ஷெல் துண்டு இன்னமும் இருக்கிறது. முகாமிலிருந்து வெளியே வந்தபின் போக்கிடமில்லாமல், 2011இல் றொசல்லயில் உள்ள அக்காளின் லயக் காம்பராவுக்கே திரும்பி வந்தார். நீண்ட காலம் வன்னியில் இருந்ததால் "ஓம் பிள்ளை" என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் "ஆமாங்க" என்பார்.

தோட்டத்தில் இவருக்குப் பேர் கிடையாது. கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார். இவருக்குச் சீனி வருத்தம் இருப்பது சில வருடங்களுக்கு முன்புதான் தெரிய வந்தது.

இலவசத்தின் விலை

நமது நாட்டில் வைத்தியம் இலவசம். இதை நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் ஒரு நாள் அக்காவோடு உட்கார்ந்து, கிளினிக் நாளொன்றுக்கு அவருக்கு என்ன செலவாகிறது என்று எழுதிப் பார்த்தேன். அது 2022ஆம் ஆண்டு.

காலில் நோவு இருப்பதால் லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு ஓட்டோ, போகவர 600 ரூபா. பஸ்ஸுக்கு 140 ரூபா. சீனி வருத்தக்காரர் பட்டினி இருக்க முடியாது. தேத்தண்ணீருக்கும் பணிசுக்கும் 150 ரூபா. அன்று எடுக்காமல் விட்ட கொழுந்துக்கு, 18 கிலோ என்று வைத்தால், 720 ரூபா. மொத்தம் 1,610 ரூபா. விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டவர் வீடு வந்து சேரும்போது பிற்பகல் மூன்று மணி. வைத்தியர் அவரைப் பார்த்த நேரம் இரண்டு அல்லது மூன்று நிமிடம்.

"இலவசம்தான் பிள்ளை. வந்து போறதுக்குத்தான் காசு முடியுது" என்றார்.

பொருளியல் படித்தவர்கள், குறிப்பாகச் சுதந்திர சந்தையை ஆதரிப்பவர்கள், இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எந்தப் பொருளும் விலையின்றி வருவதில்லை. விலையைக் காசாக வாங்காவிட்டால் அது வரிசையாக, நேரமாக, இழந்த கூலியாக வந்து நிற்கும் என்பது அவர்கள் வாதம். பேராதனையில் சமூகவியல் படித்த காலத்தில் இந்த வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. இரக்கமில்லாத பேச்சு என்று நினைத்தேன். அக்காவின் 1,610 ரூபாவைக் கூட்டிப் பார்த்த பிறகு, இதைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்கத்தான் வேண்டும் என்று தோன்றியது.

யார் காசு, யாருக்குச் செலவு?

மில்டன் ப்ரீட்மன் என்பவர் அமெரிக்கப் பொருளியலாளர். 1976இல் நோபல் பரிசு பெற்றவர். அவரும் அவருடைய மனைவி ரோஸ் ப்ரீட்மனும் 1980இல் வெளியிட்ட நூலில், காசு செலவழிப்பதில் நான்கு வழிகள் இருப்பதாகச் சொன்னார்கள். ஒருவர் தன் காசைத் தனக்காகச் செலவழிக்கும்போது விலையையும் பார்ப்பார், தரத்தையும் பார்ப்பார். தன் காசைப் பிறருக்காகச் செலவழிக்கும்போது விலையைப் பார்ப்பார். பொருள் வாங்குபவருக்குப் பொருந்துமா என்பதை அவ்வளவாகப் பார்க்கமாட்டார். பிறர் காசைத் தனக்காகச் செலவழித்தால் நல்லதாகவே வாங்குவார், விலையைப் பார்க்கமாட்டார். பிறர் காசைப் பிறருக்காகச் செலவழித்தால் இரண்டையுமே பார்க்கமாட்டார்.

இதை எங்கள் தோட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள்.

1872ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென வெள்ளைக்காரர் ஒரு சட்டம் கொண்டுவந்தனர். 1912இல் அது மீண்டும் திருத்தி எழுதப்பட்டது. தோட்டங்களில் மருந்துக் காம்பராக்கள் வந்த கதை இதுதான். தொழிலாளி செத்தால் கொழுந்து எடுக்க ஆள் இல்லை என்பதால் துரைமார் மருந்து கொடுத்தார்கள். அது ப்ரீட்மன் சொன்ன இரண்டாவது வழி: தன் காசு, பிறருக்குச் செலவு. எனவே செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பதே முதல் கவனமாயிற்று. காய்ச்சலுக்கும் ஒரு கலவை, வயிற்று வலிக்கும் ஒரு கலவை என்று எங்கள் பாட்டிமார் சொல்லிச் சிரித்த கதைகள் இதிலிருந்து வந்தவை. "இந்த டொக்டர் வேண்டாம், வேறு ஒருவரிடம் போகிறேன்" என்று சொல்லும் வசதி தொழிலாளிக்கு இல்லை. வேலைக்கு வராததற்குத் துண்டு கொடுப்பவரும் அவரேதான்.

தோட்டத்துக்கு வெளியே வேறு மாதிரி நடந்தது. 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியா பல்லாயிரம் பேரைக் கொன்றது. வாக்குக் கேட்டு வருபவர்கள் வைத்தியசாலை கட்டித் தருவதாகச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோர் பிரசாவுரிமையையும், அதனோடு வாக்கையும் இழந்திருந்தார்கள். அந்தப் பிரச்சினை முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆகவே சந்தையில் கேட்பதற்குக் கையில் காசு இல்லை. அரசிடம் கேட்பதற்குக் கையில் வாக்கு இல்லை. மலையகப் பெண்களின் சுகாதாரம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட நீண்ட காலம் பின்தங்கியிருந்ததற்கு இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம் என்று நான் நினைக்கிறேன். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்றது. 2017 மே மாதத்தில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா வைத்தியசாலை திறக்கப்பட்டது. முன்னேற்றம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் யார் காசு, யார் தெரிவு என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

இருபத்தைந்து சதம்

இலவசம் என்றால் தேவையில்லாமலும் ஆட்கள் வருவார்கள். சிறு கட்டணமாவது வைத்தால் வீண் செலவு குறையும் என்பது சந்தைக்காரர்களின் இன்னொரு வாதம். இது எமது நாட்டில் செய்து பார்க்கப்பட்ட ஒன்று. 1971இல் அரச வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்கு 25 சதம் கட்டணம் வைத்தார்கள். வருவோரின் எண்ணிக்கை குறைந்தது. 1977இல் கட்டணம் நீக்கப்பட்டது.

குறைந்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி. தேவையில்லாமல் வந்தவர் நின்றுகொண்டால் நன்மை. ஆனால் காசில்லாத நோயாளியும் கூடவே நின்றுவிட்டால்? கட்டணத்துக்கு அந்த இருவரையும் பிரித்தறியத் தெரியாது. அக்கா போன்றவர்கள் கிளினிக்கைத் தவறவிடுவது சோம்பலால் அல்ல. அந்த 1,610 ரூபாவால். 25 சதம் அன்று செய்ததை இன்று ஓட்டோக் காசு செய்கிறது.

மருந்து மறைந்த வருடம்

இனி 2022ஆம் ஆண்டுக்கு வருகிறேன்.

அவ்வருட மார்ச் மாதத்திலிருந்து ரூபாவின் பெறுமதி விழுந்தது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. டொலர் இல்லை, ஆகவே மருந்தும் இல்லை. மார்ச் மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் முன்கூட்டியே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை மருந்துத் தட்டுப்பாட்டால் தற்காலிகமாக நிறுத்தவேண்டி வந்தது. கிளினிக்குகளில் வெள்ளைத் துண்டொன்றில் பெயரை எழுதி, "வெளியில வாங்கிக்கொள்ளுங்க" என்று கொடுத்தார்கள். தாதிமாரைக் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் இல்லாததை அவர்கள் எப்படிக் கொடுப்பது?

வெளியேயும் இலேசாக இல்லை. 2016 ஒக்டோபரில் 48 வகை மருந்துகளுக்கு அரசு உச்ச விலை நிர்ணயித்திருந்தது. சீனி வருத்தம், பிரஷர் போன்றவற்றுக்கான மருந்துகளும் அதில் அடங்கும். சாதாரண காலத்தில் அது ஏழைகளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ரூபா விழுந்தபோது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் செலவு ஏறியது; உச்ச விலை உடனே அதற்கேற்ப நகரவில்லை. நட்டத்துக்கு யார் இறக்குமதி செய்வார்? 2022இல் அரசே இரண்டு தடவை விலையை உயர்த்த இடங்கொடுத்தது. 2023இல் ரூபா சற்று நிமிர்ந்தபோது பல மருந்துகளின் விலை குறைக்கப்பட்டது.

அக்கா துண்டோடு ஒரு நகரத்துப் பாமசிக்குப் போனார். கட்டுப்பாட்டு விலைக்குரிய குளிசை "ஸ்டொக் இல்ல" என்றார்கள். கட்டுப்பாட்டில் வராத இன்னொரு வகை இருந்தது; அதன் விலை மூன்று மடங்கு. பத்து நாளைக்கு மட்டும் வாங்கினார். அதை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு இருபது நாளாக்கினார்.

வடக்கிலிருந்த சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மருந்துகளும் பற்றரியும் சவர்க்காரமும் என்ன விலைக்கு விற்றன என்று உங்களுக்குத் தெரியும். பொருள் வரும் வழியை அடைத்தால் விலை கூரையில் ஏறும். சட்டத்தால் விலையை மட்டும் கட்டிவைத்து, பொருள் வரும் வழியைப் பார்க்காமல் விட்டால் பொருள் மறையும். இது சந்தையை ஆதரிப்பவர்கள் சொல்லும் பாடம். இந்த இடத்தில் அவர்கள் சொல்வது சரி என்றுதான் நான் சொல்வேன்.

நான் செய்த பிழை

அவ்வருட செப்டம்பரில் அக்காவின் காலில் ஒரு சிறு புண் வந்தது. ஷெல் துண்டு கிடக்கும் கால். ஏற்கெனவே மரத்த கால். சீனியும் ஏறியிருந்ததால் நோவே தெரியவில்லை. நான் பார்த்தபோது புண் கறுத்திருந்தது.

அன்றே அரச வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். அல்லது 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்திருக்க வேண்டும்; அது இலவசம். ஆனால் மறுநாள் எனக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. வரிசையில் நாள் முழுதும் நிற்க எனக்கு நேரமில்லை. "அக்கா, பிரைவேட்டில சனல் பண்ணுவோம், கெதியா முடிஞ்சிரும்" என்றேன். சந்தை தரும் தெரிவு என்று அதைத்தான் நினைத்தேன்.

சனல் கட்டணம் 2,300 ரூபா. இரத்தப் பரிசோதனைகள் 3,150. எக்ஸ்ரே 1,800. இரண்டு கிழமைக்கு மருந்து 2,250. மொத்தம் 9,500 ரூபா. ஒவ்வொன்றும் முடிந்த பிறகுதான் அடுத்ததன் விலை எமக்குத் தெரிந்தது. எக்ஸ்ரே எடுத்தது புண்ணுக்காக அல்ல, தொடையிலுள்ள ஷெல் துண்டுக்காக என்பது வீட்டுக்கு வந்து துண்டைப் படித்தபோதுதான் விளங்கியது. இடையில் நிறுத்தி, "இது கட்டாயம் வேணுமா? எவ்வளவு?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பட்டம் பெற்ற எனக்கே அப்படியென்றால் அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்?

அக்கா தோட்டை அடகு வைத்து 12,000 ரூபா எடுத்தார். முள்ளிவாய்க்காலில் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த தோடு அது. இரண்டு கிழமையின் பின் திரும்பக் காட்டப் போகக் காசு இல்லை. அரச வைத்தியசாலைக்குப் போனபோது நேரம் கடந்துவிட்டது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். அந்தச் சத்திரசிகிச்சைக்கும், பன்னிரண்டு நாள் வார்ட்டில் இருந்ததற்கும் ஒரு சதமும் கேட்கவில்லை. தோட்டுக்கு வட்டி கட்ட முடியாமல் போய், அடுத்த வருடம் அது ஏலத்தில் போய்விட்டது.

நான் இதை யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. தெரிவு இருந்தால் மட்டும் போதாது; தெரிவு செய்வதற்கு விபரமும் வேண்டும் என்பதை அன்று படித்துக்கொண்டேன். இதை 1963இலேயே கென்னத் அரோ என்ற பொருளியலாளர் எழுதியிருக்கிறார்; இவரும் நோபல் பரிசு பெற்றவர்தான். தக்காளி வாங்கும்போது நல்லது கெட்டதை நாமே பார்த்துச் சொல்லலாம். வைத்தியத்தில் அப்படி முடியாது. என்ன வேண்டும் என்று சொல்பவரும் வைத்தியர், அதை விற்பவரும் அவர் பக்கம். வாங்குபவருக்கு நோவும் பயமும்தான் இருக்கும். எனவே மற்றச் சந்தைகளைப் போல இது தானாகச் சரியாகாது என்பது அவர் சொன்னதன் சாரம்.

சந்தையை நன்றாகப் பயன்படுத்திய ஒருவர்

நமது நாட்டிலேயே இதற்கு ஒரு வழி கண்டவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. மருந்தியல் பேராசிரியர். ஒரே மருந்து பல கம்பனிகளால் பல விற்பனைப் பெயர்களில், பல விலைகளில் விற்கப்படுவதை அவர் பார்த்தார். பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். அவருடைய முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவரும் அவரே. மருந்தைப் பொதுப் பெயரில் கேட்டு, உலகம் முழுவதிலுமுள்ள கம்பனிகளிடம் கேள்வி மனுக் கோரி, தரமானதில் குறைந்த விலைக்குத் தருபவரிடம் மொத்தமாக வாங்குவதே அவர் வழி. அவர் 1977இல் காலமானார். அதே ஆண்டில் திறந்த பொருளாதாரம் வந்தபின் இந்த முறை தளர்ந்தது.

பலர் அவரைச் சந்தைக்கு எதிரானவர் என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. விற்பவர்களைத் தம்முள் போட்டியிட வைத்தவர் அவர். தனியாக நின்றால் பாமசிக்காரர் சொன்ன விலையைக் கொடுக்கும் ஏழைப் பெண்ணுக்காக, ஒரு நாடே சேர்ந்து நின்று விலை பேசியது. தமிழ்நாட்டில் 1994இல் தொடங்கிய மருத்துவ சேவைக் கழகமும் அரச மருத்துவமனைகளுக்கு இவ்வாறே மொத்தமாகக் கேள்வி மனு மூலம் மருந்து வாங்குகிறது.

ஆனால் வாங்குபவர் அரசு ஒருவரே என்றால், அந்த ஒருவர் நேர்மையாக இருக்க வேண்டும். பிறர் காசை பிறருக்காகச் செலவழிப்பது என்று ப்ரீட்மன் சொன்ன நான்காவது வழியின் ஆபத்து இதுதான். தரமற்ற மருந்துக் கொள்வனவு தொடர்பான விசாரணையில், 2024 பெப்ரவரியில் ஒரு முன்னாள் சுகாதார அமைச்சரே கைது செய்யப்பட்டதை நாம் கண்டோம். ஆகவே அரசு வாங்கும் விலையும் வாங்கிய இடமும் மக்களுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும்.

சீ.ஆர். கொப்பி

அக்காவின் அக்காளுக்கு ஒரு பேத்தி. சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டிலிருந்தாள். 2023இல் ஒரு நாள் அவளிடம் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொடுத்து, லயத்தில் நிரந்தர மருந்து எடுப்பவர்களின் துண்டுகளைப் பார்த்துப் பொதுப் பெயர்களை எழுதச் சொன்னேன். 2015ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி மருந்துத் துண்டில் பொதுப் பெயர் இருக்க வேண்டும். ஹட்டன், வட்டவளை, நாவலப்பிட்டி என்று யார் எங்கு போனாலும் அந்த மருந்தின் விலையைக் கேட்டு வந்து சொல்வார்கள். அவள் எழுதுவாள்.

அக்காவின் இரண்டாவது குளிசை ஒரு கடையில் 11 ரூபா, இன்னொன்றில் 19 ரூபா, மூன்றாவதில் 34 ரூபா. கம்பனி வேறு, பொதுப் பெயரும் அளவும் ஒன்றே. கிளினிக் வைத்தியரிடம் காட்டிக் கேட்டோம். மூன்றில் எதையும் எடுக்கலாம் என்றார். நாளுக்கு இரண்டு வீதம் மாதத்துக்கு 60 குளிசை. மலிவானதில் 660 ரூபா. மற்றதில் 2,040 ரூபா. வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு நாள் கைக்காசு.

அக்கா கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத ஏங்க முதல்லயே ஒருத்தரும் சொல்லல?" என்றார். கோபத்தில் மலைநாட்டுப் பேச்சு வந்திருந்தது. என்னிடம் பதில் இருக்கவில்லை.

சில மாதங்களில் எங்கள் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போய், "அந்தக் கடையில இவ்வளவுதானே" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு கடைக்காரர் மலிவான வகையையும் கொண்டுவந்து வைத்தார். போட்டி என்பது இப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் அதற்கு ஒரு கொப்பியும் ஒரு கூட்டமும் தேவைப்பட்டது.

அப்படியானால் வைத்தியசாலைக்குக் கொடுக்கும் காசை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன என்று சந்தைக்காரர்கள் கேட்பார்கள். சிங்கப்பூரில் 1984 முதல் ஒவ்வொரு உழைப்பாளியின் பெயரிலும் வைத்தியச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. இதை அக்காவிடமே கேட்டேன்.

"என்ர கையில தந்தா பிள்ளைக்குக் கொப்பி வாங்கிடுவன். பிறகு மருந்துக்கு எங்க போறது? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாவே இருக்கட்டும். ஓட்டோக் காச மட்டும் தந்தாக் காணும்."

நான் படித்த எந்தப் புத்தகத்தையும்விட இது தெளிவாக இருந்தது. நிரந்தரக் கூலி உள்ளவருக்குத்தான் சேமிப்புக் கணக்கு. கைக்காசுக்காரிக்கு நோய் வரும் நாளே கூலி இல்லாத நாளும்.

நாம் கேட்க வேண்டியவை

வைத்தியசாலை இலவசமாக இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அத்தோடு நாம் கேட்கக்கூடியவை சில உண்டு. நிலையான நோயுள்ளவருக்கு ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு, மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது. கொழுந்து நிறுத்த பின் வரக்கூடியதாக மாலைக் கிளினிக். தனியார் நிலையங்களில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் விலையை முன்கூட்டியே சுவரில் எழுதிவைப்பது. உச்ச விலை நிர்ணயிக்கும்போது ரூபாவின் பெறுமதிக்கேற்ப அதை உரிய காலத்தில் மாற்றுவது. இவற்றில் சிலவற்றுக்கு அரசு வேண்டும், சிலவற்றுக்குச் சந்தை வேண்டும். நமக்கு இரண்டிலும் பயனுள்ளதை எடுத்துக்கொள்வோம்.

நாமே செய்யக்கூடியவையும் உண்டு. மருந்துத் துண்டில் பொதுப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரக் கேளுங்கள். பாமசியில் "இதே மருந்தில் விலை குறைந்தது இருக்கிறதா?" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். ஆனால் மில்லிகிராம் அளவையோ மருந்தின் வகையையோ வைத்தியரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். காசு போதாவிட்டால் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடாதீர்கள். கிளினிக்கில் உண்மையைச் சொல்லுங்கள். சீனி வருத்தமுள்ளவர்கள் தினமும் இரவில் பாதங்களைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு புண்ணானாலும் அன்றே காட்டுங்கள். உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று சொன்னால், உள்ளே போவதற்கு முன் கட்டாயம் அதைச் சொல்லுங்கள். உலோகம் இருந்தால் அது ஆபத்தாகலாம்.

சென்ற மாதம் நான் புறப்படும்போது அக்கா கட்டைப் போட்டு முடித்திருந்தார். பேத்தி கொப்பியில் புதுப் பக்கத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். முன் அட்டையின் உட்பக்கத்தில் ஒரு கணக்கைக் கண்டேன். மலிவான குளிசை வாங்கியதால் மிஞ்சிய காசு, மாதம் மாதமாக எழுதப்பட்டிருந்தது. எதற்கென்று கேட்டேன்.

"பாட்டிக்குத் தோடு வாங்க, மிஸ்" என்றாள். "இன்னும் நெறய நாள் போகும்."

உங்கள் ஊரிலும் ஒரு சீ.ஆர். கொப்பி தொடங்கினால், அதில் என்ன எழுதினீர்கள் என்று எமக்கு எழுதுங்கள்.